மை காயும் வரை

1997 செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பகல் இரண்டு மணிதான். ஆனாலும் வெரோனிகா பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டின் படியேறும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பத்து நாளாகக் கோலாலம்பூரில் பகல் என்று ஒன்று இல்லை. எங்கோ எரியும் காட்டின் புகை ஊரையே மூடியிருந்தது. முகத்தில் கட்டியிருந்த துணியையும் மீறித் தொண்டை கரித்தது.

மாடியில் தம்பு அங்கிளின் பேனர் கடை. ஆஸ்துமாக்காரர். புகை தாங்காமல் கடையைப் பூட்டிவிட்டு மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சாவியை அவள் கையில் கொடுத்திருந்தார்.

"மெயின் சுவிட்சை மட்டும் அடைச்சிடாத பிள்ளை. ஏர்கான் ஓடட்டும். வாரம் ஒருதரம் வந்து ஹெட்டைத் துடைச்சு, ஒரு டெஸ்ட் பிரின்ட் எடுத்துடு. சும்மா கிடந்தா மை காஞ்சிடும். மை காஞ்சா மெஷின் செத்துச்சு."

நடு அறையில் அந்த மெஷின் நின்றது. ஓர் ஆள் கைகளை விரித்தாலும் எட்டாத அகலம். மை தெளிக்கும் ஹெட், வலது கோடியில் தன் ஈர ரப்பர் மூடியின் மேல் பொருந்தி உறங்கிக்கொண்டிருந்தது. கீழே, அச்சான துணியைச் சுருட்டும் நீள உருளை. அதைத் தாங்கும் இரும்புக் கால்கள்.

இடது இரும்புக் காலை அவள் பார்க்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அந்தக் காலின் முனையில்தான் அவள் கணவன் சிரிலின் பின்மண்டை மோதியது. சிரில்தான் இந்த மெஷினை ஓட்டியவன். பெண்டாட்டியைத் தொடும் கை வேறு, மெஷினைத் தொடும் கை வேறு அவனுக்கு. அன்று அவள் பேனரைக் கோணலாக வெட்டிவிட்டாள் என்று இரும்பு ஸ்கேலால் முதுகில் அடித்தான். ஏழாவது அடிக்கு அவள் திரும்பி, இரண்டு கையாலும் தள்ளினாள்.

அவன் உடனே சாகவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. மூச்சு நின்ற பிறகுதான் எடுத்து, தம்பு அங்கிளைக் கூப்பிட்டாள். தரையில் மை கொட்டியிருந்தது, வழுக்கி விழுந்துவிட்டார் என்றாள். எல்லாரும் நம்பினார்கள்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. துடைத்தாள், டெஸ்ட் பிரின்ட் எடுத்தாள். கோடுகள் ஒன்றுகூட விடுபடாமல் வந்தன. பூட்டும்போது மட்டும் மை வாசனைக்குள் இன்னொரு வாசனை மெலிதாக எழுந்தது.

சம்சு. சிரில் குடிக்கும் மட்டச் சாராயம்.

இரண்டாம் வாரம், ஹெட்டின் அடியில் கைவிட்டு ரப்பர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திறந்து வைத்திருந்த மெஷினின் மேல் மூடி சும்மா இறங்கவில்லை. யாரோ ஓங்கி அறைந்ததுபோல் விழுந்தது. விரல்கள் நசுங்கின. அலறிக்கொண்டு கையை உருவுவதற்குள் அது உயர்ந்து மறுபடி அறைந்தது.

மறுபடியும்.

அன்று மாலை மெல்பர்னிலிருந்து போன் வந்தது.

"அங்கிள், என்னால முடியலை. வேற யாரையாவது பாருங்க."

"என்ன பிள்ளை, இன்னும் மூணு வாரம் தானேலா. அது பொழச்சு இருந்தாத்தான் உனக்கும் எனக்கும் வேலை. உன்னை விட்டா யாருக்கு அதோட கை தெரியும்?"

இரண்டு விரலில் நகம் கழன்றிருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாம் வாரமும் போனாள். கழுத்தில் ஜெபமாலை.

கழிவு மை போத்தலைக் கழற்ற, மெஷினின் அடியில் குனிந்தாள். பின்னல் தோளிலிருந்து நழுவி முன்னால் விழுந்தது.

உருளை சுழன்றது.

பின்னலை அது கவ்வியதும் தலை வெடுக்கென்று முன்னால் போனது. நெற்றி இரும்பில் மோதியது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. உருளை நிற்கவில்லை, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. உச்சந்தலையில் தோல் பிய்ந்துகொள்ளும் வலி. சம்சு நாற்றம் முகத்திலேயே அடித்தது.

காதோரம் ஒரு மூச்சு.

"வெரோ... பார்த்துக்கிட்டே நின்னேல்ல?"

அவள் கை தரையைத் துழாவியது. துணி வெட்டும் கத்தி அகப்பட்டது. பின்னலை அடியோடு அறுத்தாள். காதும் சேர்ந்து கிழிந்தது. பின்னால் விழுந்து, தவழ்ந்து, சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். உருளையில் அவள் கூந்தல் பாம்புபோல் சுற்றிச் சுற்றி வந்தது.

ஓடத்தான் நினைத்தாள். படிவரை போனவள் நின்றாள். வாரவாரம் வந்து, ஈரம் கொடுத்து, மூச்சுக் கொடுத்து இதை உயிரோடு வைத்திருப்பது யார்? தான்தானே?

திரும்பி வந்தாள்.

ஹெட்டை மூடியிலிருந்து விடுவித்து, மெஷினின் நடுவுக்கு இழுத்தாள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். ஏர்கானை அணைத்து, ஜன்னல்களை அகலத் திறந்தாள். சாம்பல் புகை உள்ளே வந்து இறங்கியது. மூடாத ஹெட் இந்தத் தூசியில் சில நாளுக்கு மேல் தாங்காது.

அறை அமைதியானது.

டக்.

கரண்ட் இல்லாத ஹெட், விரல் அகலம் வலப்பக்கம் நகர்ந்தது.

டக்.

தன் ஈர மூடியைத் தேடிப் போகிறது.

வெரோனிகா மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்தாள். அவள் முதுகுக்குப் பழக்கமான ஸ்கேல். அதை ஹெட் ஓடும் தண்டவாளத்தின் குறுக்கே செருகி, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். ஹெட் வந்து மோதியது. பின்வாங்கி மோதியது. கறுப்பும் சிவப்பும் அவள் முகத்தில், வாயில், மார்பில் பீறிட்டன. ஸ்கேல் உள்ளங்கையை எலும்புவரை வெட்டியது. அவள் விடவில்லை.

"சாவு," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "இந்தத் தடவை முழுசா சாவு."

மோதல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. பள்ளிவாசலில் அந்தி பாங்கு கேட்டபோது நின்றுபோயிருந்தது. ஸ்கேலை அங்கேயே செருகிவிட்டுக் கடையைப் பூட்டினாள். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

அக்டோபர் கடைசியில் மழை கொட்டிப் புகை கலைந்தது. தம்பு திரும்பி வந்து, அவளையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார். ஹெட்டை விரலால் தடவினார். கருங்கல்லாக இறுகியிருந்தது. தண்டவாளத்தில் குறுக்கே நின்ற ஸ்கேலைப் பார்த்தார். பிறகு அவளது குட்டை முடியை, நெற்றித் தழும்பை, கிழிந்த காதை.

"நான்தான் அங்கிள் கொன்னேன்," என்றாள். எதைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிழவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் பிள்ளை. தரை காஞ்சு கிடந்துச்சு. போலீஸ் வர்றதுக்கு முந்தி நான்தான் மையை ஊத்தினேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடு. நாளைக்கு லோரி வரச் சொல்லி இதை ஏத்தி விட்டுடலாம்."

அவள் வாய்விட்டு அழுதாள். கல்யாணமான நாள்முதல் அழாத அழுகை. அவரே காரில் கொண்டுவந்து அவள் ஃபிளாட் வாசலில் இறக்கிவிட்டார். நல்ல வெயில். கீழே கொடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக்கு அவள் ஏறிய நடையில் வெகுகாலத்துக்குப் பிறகு பாரமே இல்லை.

சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளினாள். இரண்டு விரல் அகலம் திறந்து, இடித்துக்கொண்டு நின்றது.

உள்பக்கம் சங்கிலி மாட்டியிருந்தது.

அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

இருட்டுக் கூடத்தில் நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம். சம்சு நாற்றத்தோடு வெறுங்கால்கள் நிதானமாகக் கதவை நோக்கி வந்தன. கதவு அவள் முகத்துக்கு நேராக மெல்லச் சாத்திக்கொண்டது.

உள்ளே, சங்கிலி கழன்றது.