களத்தில் பதிந்த இடது கால்

"என் வாளைக் காணோம் சார். நாளைக்கு மலையைவுட்டு எறங்கணும். அது இல்லாம எப்படிப் போறது?"

சப்-இன்ஸ்பெக்டர் கோபால்சாமியின் முன் விறைப்பாக நின்றார் அர்ச்சுனன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் பட்டாளத்து வாள்வீச்சுப் போட்டியில் முதல் பரிசாக வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். ஜவ்வாது மலைக்கு வந்த இந்த இருபது வருஷமும் அவரோடு மோத ஒருவரும் இல்லை. விடியற்காலையில் முற்றத்தில் காற்றோடுதான் சண்டை. தனிமை தின்றுவிட்டது. போளூரில் தங்கை வீட்டுக்குக் கிளம்பத் துணிந்துவிட்டார்.

போய்ப் பார்த்தபோது, அவர் வீட்டுச் சுவரில் அந்த வெள்ளிப் பதக்கம் அப்படியே தொங்கியது. ஜோடி வாள்களில் ஒன்றுதான் இல்லை.

"வெள்ளிய வுட்டுட்டு மொக்கை வாளைத் தூக்கியிருக்கான்!" என்றார் கான்ஸ்டபிள் காசி. முந்திரிக்கொட்டை.

கோபால்சாமி முற்றத்தைத் தாண்டி நடந்தார். நேற்று மாலை சாணம் மெழுகிய ஊர்க்களத்தில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. இடது கால் முன்னே நேராக, வலது கால் பின்னே குறுக்காக.

"வாள் வீசற நிலைதான் சார். ஆனா எனக்கு வலது கால் முன்னாடி வரும்" என்றார் அர்ச்சுனன்.

"இடதுகைக்காரன்! புளி வியாபாரி சிங்காரம் இடது கையாலதான் தராசு புடிப்பான். வாளைக் கேட்டுக்கிட்டும் இருந்தான்!" காசி துள்ளினார்.

"சிங்காரம் செருப்பில்லாம நடந்து பார்த்திருக்கியா? அதோட, இந்த நிலை ஒரே நாள்ல வராது. யாருங்க கத்துக் கொடுத்தது?" கோபால்சாமி அர்ச்சுனன் பக்கம் திரும்பினார்.

"யாருக்கும் நான் கத்துக் கொடுக்கலியே."

"பார்த்தே கத்துக்கிட்டாங்க. எதிர்ல நின்னு பார்த்தா, கண்ணாடி மாதிரி, உங்க வலது அவங்களுக்கு இடது." கோபால்சாமி நிமிர்ந்தார். களத்துக்கு அப்பால் சாமைக் கொல்லை. அதன் நடுவே முற்றத்தைப் பார்த்தபடி ஒரு காவல் பரண்.

பரணிலிருந்து பாஞ்சாலை இறங்கி வந்தாள். நாற்பது தாண்டிய, தனியாகக் கொல்லை காக்கிற விதவை. கம்பளியில் சுற்றிய வாளை நீட்டினாள்.

"திருடணும்னு எடுக்கலீங்க. இது இல்லாங்காட்டி போவ மாட்டாருன்னு நெனச்சேன். இத்தினி வருசமா காலையில இவரைப் பார்த்துக்கினுதான் நானும் குச்சியை வீசறேன். ராத்திரி களத்துல இதையும் ஒருதரம் வீசிப் பார்த்தேன். இவரு போய்ட்டா நான் இன்னாத்தைப் பார்க்கறது?"

அர்ச்சுனன் பரணை ஏறிட்டுப் பார்த்தார். எதிரில் ஆளே இல்லை என்று இருபது வருஷம் நம்பியிருந்தாரே!

"கேஸ் எழுதட்டுங்களா?" காசி கேட்டார்.

"வாணாம்" என்றார் அர்ச்சுனன். உள்ளே போய் மற்ற வாளை எடுத்து வந்தார். களத்தில் நின்று, போட்டிக்கு முன் எதிராளிக்குச் செய்யும் மரியாதையாக, வாளை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

பாஞ்சாலையும் உயர்த்தினாள், இடது கையால்.

மறுநாள் போளூர் பஸ் அவர் இல்லாமலேயே இறங்கியது.