ஷைமாவின் சீர் வண்டி

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்மணிகளே. இன்னும் கிட்ட. ஒரு வீட்டைக் காலி செய்த கதை சொல்லப்போகிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நானும் பிடித்துக்கொள்கிறேன். இதில் தப்பு செய்தவள் நான்தான்.

மன்சூரா நகரத்தில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ரதீபா இருந்தாள். அவளுக்கு மேலே நான். அவளுடைய இளைய மகள் ஷைமா, கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு இப்போது வேறு வீடு, இரண்டு குழந்தைகள். சீர் சாமான்கள் மட்டும் அசையவில்லை. ரிப்பன் அவிழாத போர்வைகள், நாற்பது துண்டுகள், உலை காணாத பானைகள், தேநீர்க் குவளைகள் என்று ஓர் அறை நிரம்பி நடைவழி வரை வழிந்துவிட்டது. ரதீபா சோபாவில் தூங்கினாள். ஆறாவது வருடம் ஒரு பெட்டி தடுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள்.

மூத்த மகள் இன்ஷிராஹ் ஓடி வந்தாள்.

“இது வீடாம்மா? கிடங்கு! ஒண்ணு இதெல்லாம் போகணும், இல்ல நீ என்கூட வரணும்.”

“அவ சாமான்டி அது.”

“அவதான் இல்லையேம்மா!”

“மெதுவாப் பேசு,” என்றாள் ரதீபா.

மறுநாள், வியாழக்கிழமை மதியம், பழைய சாமான்காரர் தியாப் திறந்த வண்டியோடு வந்தார். “ஏம்மா, ‘ரோபாபெக்யா’ன்னு தெருத்தெருவாக் கத்தி ஓட்டை உடைசல் எடுக்கிறவன் நான். இதை ஏத்தினா என் வண்டியே கூச்சப்படும்!”

“மாமா, பேசாம ஏத்துங்க. எங்கம்மா எழுந்து வர்றதுக்குள்ள.”

எங்கள் ஊரில் மணப்பெண்ணின் சீர் மூடாத வண்டியில்தான் போகும். பார்க்கிற பெண்கள் எல்லாரும் குலவையிட வேண்டும். நான் அப்போதுதான் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து பால்கனிக்கு வந்தேன். என் கண்ணில் புரை. கீழே மலைபோல் புதுப் போர்வைகள், வெயிலில் மினுங்கும் பானைகள். எந்த வீட்டுச் சீர் என்று யோசிக்கவில்லை.

வாய் நிறையக் குலவையிட்டேன்.

எதிர் வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தெருவே குலுங்கியது. சத்தம் கேட்டு எழுந்து, கீழே கட்டட வாசலுக்கு வந்து நின்ற ரதீபா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தைக் கண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வண்டி புறப்பட்டது. காலியான அறைக்குள்ளிருந்து, வெறுங்காலோடு ஒரு பெண் ஓடிவரும் சத்தம் என் காலுக்கடியில் கேட்டது.

கதவருகே வந்து நின்றது.

மறுநாளிலிருந்து ரதீபாவின் பொருட்கள் காணாமல் போயின. கெட்டில், தலையணை, தொழுகை விரிப்பு. எல்லாமே அந்தக் காலி அறையில், மூட்டை கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இறுக்கமான இரட்டை முடிச்சு.

ரதீபாவின் வலது கையோ மாவுக்கட்டில் இருந்தது.

ஐந்தாம் நாள் மாலைத் தொழுகைக்கு முன்பே என்னைக் கூப்பிட்டாள். அந்த அறைக்குள் போனதும் மருதாணி வாசனை குப்பென்று அடித்தது. வெற்றுச் சுவர், வெற்றுத் தரை, நடுவில் மூட்டைகள்.

“கேளுக்கா,” என்று கிசுகிசுத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு கதவுக்குப் பின்னால், மிகவும் மெல்ல:

“குலவை போட்டாங்களேம்மா. வண்டியும் போயிடுச்சு. என்னை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனாங்க?”

அந்தக் குழந்தையை ஏமாற்றியது என் நாக்குதானே? அதே நாக்கால் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

“கண்ணு, தப்பு என்னோடது. அது உன் கல்யாணம் இல்லடா. நீ... ஆறு வருஷத்துக்கு முன்னாடியே மண்ணுக்குப் போயிட்ட.”

ரதீபா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

மருதாணி வாசனை அறுந்துபோனது.

“பாவி அக்கா,” ரதீபாவின் குரல் உடைந்தது. “அவளுக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதானே நான் ஒரு துண்டைக்கூட நகர்த்தாம வெச்சிருந்தேன்.”

கதவுக்குப் பின்னால் ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

அன்றைக்கே இன்ஷிராஹ் வந்து, தன்னோடு வரச்சொல்லி அம்மாவை இழுத்தாள். ரதீபா நகரவில்லை. “நான் போயிட்டா அவ தனியா அழுவாளே.” வீட்டில் மிச்சமிருந்த தன் சாமான்களையும் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பாயோடு அந்த அறையில் படுத்துக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஒரு கரண்டிகூட இல்லை. ஆனாலும் வியாழக்கிழமை மதியங்களில் அந்தக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து படிக்கட்டில் இறங்குகிறது. குழாய்க்காரர் சுவரை உடைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் குழாயே இல்லை.

போன வாரம் நான் குனிந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

போய்ப் படுங்கள், என் செல்லங்களே. உங்கள் பெண்களுக்கு வாங்கிய துணி அவர்கள் உடுத்தியே நையட்டும். உங்கள் பானைகள் உலையேறி அடிகறுக்கட்டும். உங்கள் வாசற்படி என்றைக்கும் உலர்ந்தே இருக்கட்டும்.