எட்டாம் பகுதிக்கு எச்சரிக்கை தேவையில்லை

படத்தை நிறுத்திய பிறகும் மூச்சு நிற்கவில்லை.

எச்சரிக்கைக்காரர் கண்ணைக் கறுப்புத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சோபாவில் சாய்ந்து ஒன்பதாம் பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பறக்கிற பையன் எதன்மீதோ போய் மோதினான், கண்ணாடி நொறுங்கியது, யாரோ படிக்கட்டில் தடதடவென்று ஓடினார்கள். இத்தனை அமளிக்கும் அடியில், ஜலதோஷம் பிடித்த குழந்தை தூங்குவதுபோல ஒரு மூச்சு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று தடவிப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். பையன் நின்றான். கண்ணாடி நின்றது. மூச்சு மட்டும் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

துணியை அவிழ்த்தார். அறையில் ஒன்றுமில்லை. மூச்சும் இல்லை. ஜன்னலுக்குப் போட்டிருந்த தடித்த கறுப்புத் திரை, சூடேறிய வயர் வாசனை, வெளியே திங்கட்கிழமை சாயங்கால மழை. அவ்வளவுதான்.

மறுபடி கட்டினார். இருந்தது.

அவருடைய வேலை அப்படி. சின்னப் பிள்ளைகள் பார்க்கிற தொடர்களை ஒளிபரப்புக்கு முன்பே பார்த்து, இதில் இன்னின்ன பயங்கரம் இருக்கிறது, பெற்றோர்கள் ஜாக்கிரதை என்று இரண்டு வரி எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு சுற்று. கண் சுற்றில் சத்தத்தை அடைத்துவிட்டுப் படம் மட்டும். காது சுற்றில் கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தம் மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கதை ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும், உள்ளே போனவனுக்கு எது பயங்கரம் என்று தெரியாது என்பது அலுவலகத்துச் சட்டம். இருபது வருஷமாக ஆயிரக்கணக்கான தொடர்கள் அவரைக் கடந்து போயிருந்தன. ஒன்றைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போய் வாசலில் கிடக்கிற செருப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவனைப் போன்ற வாழ்க்கை.

இந்தத் தொடரில் ஐந்து பிள்ளைகள், பள்ளிக்கூடம் படிக்கிறவர்கள். ஒருத்தன் பறப்பான், ஒருத்தி சுவரை இடிப்பாள், இரட்டையர் இருவரும் நெருப்பைக் கையில் பிடிப்பார்கள். ஐந்தாவது பெண் மறைந்துபோவாள். ஊரைக் காப்பாற்றிவிட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். எட்டாம் பகுதி வரை வில்லங்கம் ஏதுமில்லை.

எட்டாம் பகுதியின் கண் சுற்றில் நான்கு நிமிஷம் ஒரு சாப்பாட்டு மேசை வந்தது. அப்பா, அம்மா, அண்ணன் சாப்பிடுகிறார்கள். ஒரு நாற்காலி காலி. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காது சுற்றில் அதே நான்கு நிமிஷம் தட்டுச் சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், நடுநடுவே மறைந்துபோகிற அந்தப் பெண்ணின் குரல். நான் இங்கதான் இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி இறங்குகிறது. கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சுகிறது.

எச்சரிக்கைக்காரர் அந்த நான்கு நிமிஷத்தை மறுபடி ஓட்டிக் கேட்டார். இரண்டாம் பார்வை பார்க்கிற பெரியக்காவுக்குப் போன் போட்டார். அவள் ஒப்புக்கொண்டால்தான் எச்சரிக்கை ஏறும்.

"ரத்தம் இருக்கா தம்பி?"

"இல்லக்கா."

"கத்தி?"

"சாப்பாட்டு மேசைல ஒண்ணு கெடக்கு. யாரும் தொடல."

"அப்புறம் என்ன?"

"அந்தப் பொண்ணு திரும்பத் தெரியவே இல்லக்கா. கடைசி வரைக்கும்."

காலி நாற்காலிக்கெல்லாம் எச்சரிக்கை போட ஆரம்பித்தால் அப்புறம் ஜன்னலுக்கும் போட வேண்டிவரும் என்று பெரியக்கா சிரித்தாள். படிவத்தில் ரத்தம், ஆயுதம், புகை, கெட்ட வார்த்தை, சாவு என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. இதற்குக் கட்டம் இல்லை. அவர், எச்சரிக்கை தேவையில்லை, எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது வியாழக்கிழமை.

அன்றைக்கு ராத்திரி சட்டத்துக்கு விரோதமான காரியம் ஒன்றையும் செய்தார். எட்டாம் பகுதியை மகளுக்கு அனுப்பினார். பன்னிரண்டு வயசு. குழந்தையில் பக்கவாட்டில் தவழ்ந்ததால் நண்டு என்று பெயர் நிலைத்துவிட்டது. மனைவி பிரிந்து வேறு ஊருக்குப் போய் நான்கு வருஷம், நண்டும் அவளோடுதான். வருஷத்துக்கு ஒருமுறை பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் அப்பாவிடம் வருவாள். போன வருஷம் வரவில்லை, அதற்கு முந்தின வருஷமும் ஏதோ காரணம். இந்த வருஷமாவது வர வேண்டும். ஊரே திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்கப்போவதை நண்டு மட்டும் வியாழக்கிழமையே பார்க்கலாம் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே தூண்டில். அது வேலை செய்தது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருவதாகச் செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நண்டு இறங்கவில்லை. பஸ் காலியாகி, டிரைவர் டீ குடிக்கப் போய், கண்டக்டர் இருக்கை இருக்கையாகப் பெருக்கி முடிக்கிற வரை முக்கால் மணி நேரம் நின்றார். அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மூன்றாவது வருஷமும் கை நழுவிவிட்டது என்று நினைத்தார். இனி அவர்களே கூப்பிடட்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டார். தனியாக இருக்கிற மனுஷனுக்கு வீம்பும் ஒரு துணைதான். ஆனால் அது சமைக்காது.

அப்புறம் வீட்டில் சின்னச் சின்னதாக. பால் சீக்கிரம் தீர்ந்தது. தான் தொடாத துண்டு ஈரமாகத் தொங்கியது. அணைத்ததாக நினைத்த குளியலறை விளக்கு எரிந்தது. ஞாபகமறதி என்று சொல்லிக்கொண்டார். ஐம்பதை நெருங்குகிற ஆணுக்கு எல்லாக் குற்றத்துக்கும் ஞாபகமறதிதான் ஜாமீன்.

இப்போது இந்த மூச்சு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, துணியை மட்டும் கட்டிக்கொண்டு, அறை நடுவில் நின்று கேட்டார். மழை தகரத்தில் விழுகிற சத்தம், அடுப்பங்கரையில் குழாய் சொட்டுகிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம், அதற்கெல்லாம் இப்பால், ஹெட்போனில் கேட்டதைவிடத் தெளிவாக, மூக்கடைத்த மூச்சு. சோபாவின் இடது மூலையிலிருந்து வந்தது. இத்தனை நேரம் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. கூடவே ஈரத் தலைமுடியின் வாசனை.

அவர் ஒரு எட்டு வைத்தார். மூச்சு நின்றது. பயந்த பிள்ளை அடக்கிக்கொள்வதைப் போல. பிறகு முடியாமல் விட்டது.

துணியைப் பிடுங்கி எறிந்தார். சோபாவின் மூலையில் ஒன்றுமில்லை. மெத்தை மட்டும் கொஞ்சம் குழிந்திருந்தது.

போன் அடித்தது. மணி ஐந்தேகால். நண்டின் அம்மா.

ஆஸ்பத்திரியில் மூன்று நாளாக விடாமல் வேலை, வார்டுக்குள் போனை எடுக்க விடமாட்டார்கள், இப்போதுதான் செய்திகளைப் பார்த்தேன் என்று மூச்சு வாங்காமல் சொன்னாள். பிறகு குரல் மாறியது.

"என்ன கோவம் உங்களுக்கு அவமேல? கொழந்தைகிட்டப் பேசாம இருக்கீங்களாமே?"

"யார்கிட்ட?"

"வெளையாடாதீங்க. அவகிட்டக் குடுங்க."

அவர் சோபாவைப் பார்த்துக்கொண்டே, நண்டு வரவில்லையே, நீ அனுப்பவில்லை என்றல்லவா நினைத்தேன் என்றார்.  நானே பஸ்ஸில் ஏற்றிவிட்டேனே என்றாள் அவள். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஒழுங்காகக்கூட அவளைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பிடித்து ஏற்றினேன் என்றாள். அப்புறம் நண்டு போட்ட செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். நர்ஸ் காய்ச்சல் அளவைப் படிக்கிற குரலில்தான் ஆரம்பித்தாள்.

வெள்ளி. அம்மா, வந்து சேந்துட்டேன். அப்பா நிக்கிறாரு.

வெள்ளி. அப்பா என்னைப் பாக்க மாட்டேங்கறாரு. சட்டையப் பிடிச்சு இழுத்தேன். தட்டி விட்டுட்டு டைம் பாத்தாரு.

சனி. போன வருஷம் வரலைன்னு கோவம் போல. நான் பால் மட்டும் குடிச்சேன்.

ஞாயிறு. பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அவரு கண்ணக் கட்டும்போது மட்டும் என் பக்கம் தலையத் திருப்புறாரு.

கடைசிச் செய்தி இன்று காலை. அதை வாசிக்க அவளால் முடியவில்லை. இரண்டு தடவை ஆரம்பித்தாள்.

அம்மா, எனக்கே என் கை தெரியல.

இதோ கிளம்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வந்துசேர ஆறு மணி நேரம் ஆகும்.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் சட்டை எதிலோ மாட்டியது அவருக்கு நினைவிருந்தது. திரும்பிப் பார்க்காமலே தட்டிவிட்டார். ஏதோ ஆணி என்று நினைத்தார்.

பெரியக்காவைக் கூப்பிட்டார். எட்டாம் பகுதியை நிறுத்துங்கள் என்றார். பெரியக்கா முதலில் சிரித்தாள், பிறகு உடம்புக்கு என்ன என்று கேட்டாள், பிறகு பொறுமையாகவே கேட்டாள்.

"காரணம் என்னன்னு எழுதணும் தம்பி?"

அவர் படிவத்தின் ஐந்து கட்டங்களையும் பார்த்தார். படமும் சத்தமும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்று இந்த வேலையில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. யாருமே சேர்த்துப் பார்த்ததில்லை. ரத்தமா, ஆயுதமா, புகையா?  நாளைக்கு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா வைத்துவிட்டாள்.

மணி ஐந்து ஐம்பது.

துணியைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டார். முடிச்சு விழ நேரமானது. மண்டியிட்டு சோபாவின் மூலையை நோக்கிக் கையை நீட்டினார்.

"நண்டு. அப்பாவுக்குக் கோவமெல்லாம் இல்லடா. சத்தியமா தெரியல. இப்பவும் தெரியல. ஆனா கேக்குது."

மூச்சு விக்கியது.

"நெஜமாவாப்பா?"

கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோலக் குரல். பிறகு உள்ளங்கையில் விரல்கள். சின்னவை. ஈரமாக, சில்லென்று. அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். நான்கு வருஷத்தில் இத்தனை நேரம் அந்தக் கையைப் பிடித்ததில்லை. துணி கன்னம் வரை நனைந்துவிட்டது.

எதிர் வீட்டில் தொடரின் ஆரம்ப இசை கேட்டது.

மேல் மாடியில் அரை நொடி பிந்தி. பக்கத்து வீட்டில். கீழே. தெரு முழுக்க. ஒன்றோடொன்று சேராமல், ஒரே பாட்டு, முப்பது வாயிலிருந்து.

ஓட வேண்டும். கதவு கதவாகத் தட்ட வேண்டும். அணையுங்கள் என்று கத்த வேண்டும். ஓடுவதற்குக் கண் வேண்டும். துணியை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் இந்தக் கை இருக்காது. திரும்பக் கிடைக்குமா, தெரியாது. முதலில் கேட்டதைவிட மூச்சு இப்போதே மெலிந்திருந்தது.

முடிச்சில் விரலை வைத்தார்.

எடுத்துவிட்டார்.

உட்கார்ந்தே இருந்தார். பறக்கிற பையன் பறந்தான். சுவர் இடிந்தது. தட்டுச் சத்தம் வந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம். தெருவெல்லாம் அந்தப் பெண்ணின் குரல், படிப்படியாக இறங்கியது. நான்கு நிமிஷம். அவர் நண்டின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

பிறகு இசை. பிறகு மழை மட்டும்.

முதலில் எதிர் வீட்டுத் தாய் கூப்பிட்டாள். சாப்பிட வா என்கிற சாதாரணக் குரலில். பதில் இல்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் அதட்டலாக. மேல் மாடியில் ஒரு தகப்பன். பக்கத்து வீட்டில் கதவுகள் திறந்து மூடின. எங்கே ஒளிஞ்சிருக்கே, போதும் வெளையாட்டு. குரல்கள் தெருவுக்கு இறங்கின.

அவருடைய வீட்டுப் படிக்கட்டில் காலடிச் சத்தம். வெறுங்கால்கள். சின்னவை. நிறைய.

"அப்பா," என்றாள் நண்டு. "வெளியில நெறைய பேர் நிக்கிறாங்க. தெறக்கலாமா?"

அவளை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுவரைத் தடவிப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். குளிர் உள்ளே வந்தது. இடுப்பு உயரத்தில் உரசிக்கொண்டு ஒன்று போனது. பின்னால் ஒன்று. அதன் பின்னால். மூச்சு. மூச்சுகள். வீடு நிறைந்தது. கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் எல்லோரும் அவர் கையைத் தேடினார்கள். விரல்கள். விரல்கள்மேல் விரல்கள். எல்லாம் ஈரம். எல்லாம் ஒரே அளவு. இடது கையிலும் நண்டின் விரல்கள் எவை என்று தெரியவில்லை.

கீழே ஒரு தாய் பெயர் சொல்லிக் கூவினாள். அவர் உள்ளங்கையில் ஒரு விரல் இறுகியது.

இன்னொரு தாய். இன்னொரு விரல்.

"நண்டு," என்றார் அவர், மெல்ல.

எந்த விரலும் அசையவில்லை.