வெள்ளை தெரிந்தால் விலகி நட

காலை ஏழு மணி. கல்லுக்குளம் நகராட்சி, அந்தோணியார் தெரு. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய குழியின் மேல் கிடந்த கருவேல முள்ளை வேலையாட்கள் இழுத்து இடப்பக்கம் போட்டார்கள். குழிக்குள் ஆரோக்கியமுத்து கிடந்தார். உயிர் இல்லை.

ஏழரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் சத்யபிரியா வந்தாள். நள்ளிரவு வரை பெய்த மழையில் தெரு முழுக்கச் செம்மண் சேறு. குழிக்கு வலப்பக்கம், ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் தரை வெளுத்துப் புழுதியாக இருந்தது. ஷூவில் சேறு ஒட்டாமல் அங்கே ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். ஆளுயரக் குழி. முழங்கால் அளவு தண்ணீர். சிமெண்ட் உறையில் முதுகு சாய்த்து உட்கார்ந்த வாக்கில் மனிதர். கையில் பால் வாங்கும் தூக்குவாளிகூட அப்படியே மாட்டியிருந்தது.

சித்திரையில் தோண்டிய குழி. இப்போது ஐப்பசி. புது விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை.

நகராட்சி உதவிப் பொறியாளர் ஆத்மநாதன் குடையை மடக்கிக்கொண்டே வந்தார்.

“கேஸ் ஒண்ணும் பெருசா இல்ல மேடம். முள்ளு போட்டிருந்துச்சு, மேல ஃபிளெக்ஸும் கட்டியிருக்கு. நெதானத்துல இருக்கற மனுசன் முள்ளைத் தள்ளிட்டு உள்ள போவானா? பழைய குடிகாரரு. ஊருக்கே தெரியும்.”

“முள்ளு நீங்க போட்டதா?”

“பொதுமக்கள் ஒத்துழைப்பு மேடம்.”

முள்ளின் மேல் கட்டியிருந்த ஃபிளெக்ஸை சத்யபிரியா புரட்டினாள். ‘புதிய நகரம், புதிய வாழ்வு’ என்ற எழுத்துக்குக் கீழே அப்பா, அம்மா, பிள்ளைகள் என ஒரு குடும்பம் சிரித்தது. வெளுத்த பின்பக்கம் மேலே தெரியும்படி தெருக்காரர்கள் திருப்பிக் கட்டியிருந்தார்கள்.

“ஏன் இப்படித் திருப்பி?” என்று கேட்டாள்.

“இருட்டுல வெள்ளைதானங்க தெரியும்,” என்றார் ஏட்டு ஆண்ட்ரூஸ். அவர் மாமியார் வீடு அடுத்த தெருவில். “வெள்ளை தெரிஞ்சா வெலகி நட. இங்கிட்டுப் பொறந்த பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்க.”

ஆரோக்கியமுத்துவின் மனைவி அடைக்கலமேரி அழுது முடித்திருந்தாள். வாசற்படியில் நேராக உட்கார்ந்து சத்யபிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குடியைத் தொட்டு ஆறு வருசமாச்சும்மா. ஆவூர் மாதா முன்னாடி சத்தியம் பண்ணுன மனுசன். குடிச்சிட்டு விழுந்தான்னு மட்டும் எழுதிராதீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

“எப்ப வெளிய போனாரு?”

“விடியறதுக்கு முன்னாடி, பால் பூத்துக்கு. டெய்லி போறதுதான். கண்ணைக் கட்டி விட்டாலும் போவாரு.”

“டார்ச்?”

“இந்தத் தெருவுல எதுக்கும்மா டார்ச்சு? வெள்ளையப் பாத்து நடக்குறதுதான்.”

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளன் செம்மலைச் சத்யபிரியா கூப்பிட்டாள். போன வாரம் ஆரோக்கியமுத்து அவன் சட்டையைப் பிடித்திருந்தார்.

“பிடிச்சாரு. குழியை மூடு, இல்லாட்டி ஒன்னை உள்ள வச்சு மூடுவேன்னாரு. அதுக்காக நான் தள்ளுவனா? தள்ளுறதா இருந்தா இன்ஜினியர் சாரைத் தள்ளியிருப்பேன் மேடம், குழாய் எப்ப வரும்னு கேட்டா எனக்கே பதில் சொல்ல மாட்டேங்கறாரு.”

ஆத்மநாதன் குடையைத் திரும்ப விரித்துக்கொண்டார். செம்மல் இரவு தங்கியது இலுப்பூரில். ஆட்களோடு ஆறரை மணி வண்டியில்தான் வந்திறங்கினான். நடத்துனரே சாட்சி.

தெருப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். குழி வெட்டும்போது தண்ணீர்க் குழாயும் உடைந்துபோனதால் மாலையில் லாரித் தண்ணீர்தான். குழியைத் தாண்டி லாரி வர முடியாது, தெருமுனையில் நிற்கும். குடத்தோடு போய்வர வழி வேண்டுமென்று முள்ளை ஓரமாகத் தள்ளிவைத்து, குழியின் குறுக்கே ஒரு பலகை போடுவார்கள்.

“அப்புறம் யாரு மூடுறது?”

“கடைசிக் குடம் பிடிக்கிறவங்க. பலகையை எடுத்துட்டு, கவைக்கம்பால முள்ளைத் தள்ளி விட்டுரணும். ஆரோக்கியமுத்தண்ணன் போட்ட ரூலுங்க அது.”

“நேத்து கடைசிக் குடம் யாரோடது?”

எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரே ஒருத்தி முன்னால் வந்தாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் வனிதா. ஆரோக்கியமுத்துவின் பக்கத்து வீடு.

“நான்தாங்க. தண்ணி பிடிச்ச கையோட மூடிட்டேன். மழை வர்றதுக்கு முன்னாடியே.”

“பாத்தீங்களா மேடம்,” என்றார் ஆத்மநாதன். குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. “மூடியிருந்திருக்கு.”

அடைக்கலமேரி வனிதாவைப் பார்த்தாள். “எங்கூட்டுக்காரரு குடிச்சாருன்னு சொல்றியாடி நீ?”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லலக்கா.” வனிதாவின் குரல் உடைந்தது.

பதினொரு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து மருத்துவர் பேசினார். இடுப்பெலும்பு முறிவு. உள்ளே ரத்தக்கசிவு. விழுந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்திருக்கிறது. சாராய வாடை இல்லை. ஆனால் ரசாயனப் பரிசோதனை அறிக்கை வர நாளாகும்.

“முள்ளு கீறியிருக்கா டாக்டர்?”

“அதுதான் வேடிக்கை. முகத்துல இல்ல, முழங்கையில இல்ல, சட்டைகூடக் கிழியல. ரெண்டு உள்ளங்கையிலயும் விரல் நுனியிலயும் மட்டும் முள்ளு ஒடிஞ்சு ஏறியிருக்கு.”

சத்யபிரியா போனை வைத்தாள். ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்தது. தெரு காய்ந்திருக்கும். அந்தக் கட்டிலளவுப் புழுதி இனி எதிலிருந்தும் பிரித்துத் தெரியாது. காலையில் ஆண்ட்ரூஸ் எடுத்த போட்டோ மட்டும்தான் மிச்சம். தெரிந்துகொண்டதைத் தெரியாமல் ஆக்க முடியுமானால் அன்றைக்கு அவள் அதைச் செய்திருப்பாள்.

மாலை நான்கு மணி. அடைக்கலமேரி வீட்டு வாசலில் ஆத்மநாதன், செம்மல், வனிதா. தெரு கொஞ்சம் தள்ளி நின்றது.

“ஆரோக்கியமுத்து குடிக்கல,” என்றாள் சத்யபிரியா. “அவரு விழும்போது குழி திறந்து கெடந்துச்சு.”

“எப்படிச் சொல்றீங்க மேடம்?” என்றார் ஆத்மநாதன்.

“முள்ளு வழியா விழுந்திருந்தா ஒடம்பெல்லாம் கீறியிருக்கும். முள்ளும் கூடவே உள்ள போயிருக்கும். காலையில உங்க ஆளுங்க எடுக்கும்போது அது மேல ஒழுங்கா கெடந்துச்சு.” போட்டோவை நீட்டினாள். “தெரு பூரா சேறு. இந்த ஓரம் மட்டும் புழுதி. ஷூ நனையக் கூடாதுன்னு நானே அது மேலதான் நின்னேன். ஏன் காய்ஞ்சு கெடக்குன்னு அப்பக் கேட்டுக்கல. மழை பெய்யுறப்ப பூரா முள்ளும் ஃபிளெக்ஸும் குடை மாதிரி அங்கதான் கெடந்திருக்கு. குழி மேல இல்ல.”

சத்யபிரியா குழிப்பக்கம் கையைக் காட்டினாள்.

“விடியக்காலையில அவரு வர்றாரு. கரண்டு கம்பம் இருக்கு, வெளிச்சம் இல்ல. வலது பக்கம் வெள்ளை தெரியுது. குடிகாரனா இருந்தா நேரா அதுலயே போய் முட்டியிருப்பான். இவரு நெதானமா இருந்தாரு. வெள்ளையை விட்டு இடது பக்கம் வெலகி நடந்தாரு. குழி அங்கதான் இருந்துச்சு.”

அடைக்கலமேரி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அப்ப முள்ளு எப்படி மேல வந்துச்சு?” செம்மல்தான் கேட்டான்.

சத்யபிரியா போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “அவரு விழுந்த பிறகு யாரோ மூடியிருக்காங்க,” என்றாள். “உள்ளங்கையில மட்டும் முள்ளு இருந்துச்சு. ஒத்தக் கால்ல எந்திரிச்சு நின்னு, கீழேருந்து அதைத் தள்ளிப் பாத்திருக்காரு.”

“மாதாவே,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“கவைக்கம்பு எங்க இருக்கும்னு தெரிஞ்சவங்க. அந்த ரூலுக்குக் கட்டுப்பட்டவங்க. மழைக்கு முன்னாடியே மூடிட்டேன்னு பொய் சொன்னவங்க ஒருத்தர்தான். வனிதா, நீங்க எப்ப மூடுனீங்க?”

வனிதா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“பிள்ளைக்கு நெருப்பாக் கொதிச்சுச்சு. பலகையை மட்டும் எடுத்துட்டு, குடத்தை வச்சுட்டு ஓடிட்டேன். அப்புறம் மழை. அஞ்சு மணிக்கு முழிப்பு வந்ததும் முள்ளு ஞாபகம் வந்துச்சு. பால் வாங்கப் போறவங்க விழுந்துறக் கூடாதேன்னு… அதுக்காகத்தாங்க ஓடுனேன். இருட்டுல தள்ளி விட்டுட்டேன்.”

“சத்தம் கேக்கலையா?”



“கேட்டுச்சு. முனகல் மாதிரி. எப்பவும் நாய்க்குட்டி விழுகுற குழிதானங்க. விடிஞ்சதும் செம்மல் அண்ணன் ஆளுங்க எடுத்து விடுவாங்கன்னு நெனச்சேன்.”

ஆத்மநாதன் யாருக்கோ போன் செய்வதற்காக நகர்ந்துபோனார். “ஆமா சார், பொதுமக்கள் தரப்புல கவனக்குறைவு,” என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

அடைக்கலமேரி எழுந்தாள். வனிதாவிடம் போய் நின்றாள். அடிப்பாள் என்றுதான் சத்யபிரியா நினைத்தாள். அடிக்கவில்லை.

“என்னமாச்சும் சொன்னாராடி? பேரு ஏதும் சொல்லிக் கூப்புட்டாரா?”

“தெரியலக்கா,” என்று வனிதா தலையில் அடித்துக்கொண்டாள். “எனக்குத் தெரியலக்கா.”

சத்யபிரியா முதல் தகவல் அறிக்கையில் மூன்று பேரை எழுதினாள்: ஒப்பந்தக்காரர், பொறியாளர், வனிதா. மேலே போய்த் திரும்பியபோது அதில் ஒரு பெயர்தான் இருந்தது. ஆரோக்கியமுத்து குடித்திருக்கவில்லை என்ற வரியை மட்டும் யாரும் அடிக்கவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை அந்த வழியாக வந்தாள். குழி இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள்: ‘பணி நடைபெறுகிறது, சிரமத்திற்கு வருந்துகிறோம்.’ தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. பெண்கள் முண்டியடித்துப் பிடித்தார்கள். வரிசை குறையக் குறைய ஒவ்வொருத்தியும் காலிக் குடத்தைக்கூட நிரப்பாமல் வேகமாக நடந்தாள். லாரியில் இன்னும் தண்ணீர் இருந்தது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுநர் கத்தினார்:

“கடைசிக் குடம் யாரும்மா? சும்மா போகுதுல்ல தண்ணி!”

அடைக்கலமேரி ஒருத்திதான் நின்றாள். நிதானமாகக் குடத்தை நிரப்பி, பலகை மேல் நடந்து வந்து, குடத்தை இறக்கி வைத்தாள். பலகையை எடுத்தாள். கவைக்கம்பைக் கையில் எடுத்தவள் உடனே முள்ளைத் தள்ளிவிடவில்லை. குழியோரம் மண்டியிட்டு, இருட்டுக்குள் குனிந்து கூப்பிட்டாள்.

“உள்ள யாரும் இருக்கீங்களா?”

பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் மூடினாள்.