அந்திரேயா மாமாவின் பெயர்ப்பட்டை

நோபல் பார்க் என்ற ஊரில் அஞ்சலா என்றொரு சிறுமி இருக்கிறாள், பிள்ளைகளே. வயது பத்து. வாய்க்கு மட்டும் இருபது.

ஒருநாள் அவளுடைய ஆசிரியை சொன்னார்: "நாளைக்கு இத்தாலியிலிருந்து ஒரு புதுப் பிள்ளை வருகிறது. பெயர் அன்ட்றியா. நீ கவனித்துக்கொள்வாயா, அஞ்சலா?"

அஞ்சலாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊதா அட்டை எடுத்தாள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியை வரைந்து, 'வா தோழி!' என்று எழுதினாள்.

மறுநாள் வகுப்புக்குள் வந்தது ஒரு பையன்! முழங்காலில் சிராய்ப்பு, கையில் பந்து.

அஞ்சலா நீட்டிய அட்டையை அவன் கையில் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. "ஐயோ, பெண்பிள்ளைப் பெயர்!" என்றான் றிஷி. அஞ்சலாவும் சிரித்தாள். பையனின் காதுகள் சிவந்ததைக் கண்டதும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

இடைவேளையில் உதைபந்தாட்டப் பயிற்சியாளர் வந்தார். "வெள்ளிக்கிழமை அணிச் சட்டைகளை அச்சடிக்கக் கொடுக்கிறோம். உன் முதுகில் என்ன பெயர் போட?"

"அன்ட்றூ," என்றான் பையன், நிலத்தைப் பார்த்தபடி.

அஞ்சலா அவன் பின்னாலேயே ஓடினாள். "அட்டைக்கு மன்னித்துக்கொள். ஆனால் உன் பெயர் அன்ட்றூ இல்லையே?"

"என் பெயர் அந்த்ரேயா. தாத்தாவின் பெயர். எங்கள் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அங்கே என் வகுப்பில் மூன்று அந்த்ரேயா, மூவரும் பையன்கள். இங்கே மட்டும் சிரிக்கிறார்கள். அதுதான் மாற்றிவிட்டேன்."



அந்த்ரேயா... இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அஞ்சலாவுக்குத் தோன்றியது. பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் நேரே புகுந்தாள்.

"அம்மா, மாமாவுக்கு ஞானஸ்நானத்திலை வைச்ச பேர் என்ன?"

"அந்திரேயா. ஏன் பிள்ளை?"

"மாமா பொம்பிளையா?"

மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறியது. அவருடைய பெரிய மீசை முழுக்கத் தேத்தண்ணி. மாமா டண்டினொங் ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுபவர். சீருடையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை அஞ்சலா அன்றுதான் வடிவாக உற்றுப் பார்த்தாள். 'அன்ட்றூ' என்று இருந்தது.

"அப்ப இது ஆர்?"

"வேலைக்கு வந்த புதுசிலை எல்லாரும் என்ர பேரைப் பகிடி பண்ணிச் சிரிச்சவை, அதுதான் மாத்தினனான், பிள்ளை," என்றார் மாமா. "அந்திரேயா எண்டது இயேசுவின்ர சீடரின்ர பேர். எங்கட மன்னார் ஆக்களைப் போல அவரும் மீன்பிடிகாரர். கிரேக்கத்திலை அந்தப் பேருக்கு ஆம்பிளை எண்டுதான் அர்த்தமாம், சேர்ச்சிலை சுவாமி சொன்னவர். இங்கிலிஷ்காரர்தான் ஆம்பிளையளுக்கு அன்ட்றூவை வைச்சுக்கொண்டு, இதைப் பொம்பிளையளுக்குக் குடுத்திட்டினம்."

"நீங்களும் பேசாமல் குடுத்திட்டீங்களே!"

மாமா மீசையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, ஒரு உதவி," என்று அஞ்சலா அவர் காதில் ஏதோ சொன்னாள்.

"அடி கள்ளி!" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலில் நின்ற பையனை அஞ்சலா பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநரின் பெயர்ப்பட்டை மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில், அவன் பெயர்!

மாமா கையை நீட்டினார். "நான் அந்திரேயா."

பையன் மீசையைப் பார்த்தான். பெயரைப் பார்த்தான். மறுபடி மீசையைப் பார்த்தான். "நானும்தான்!" என்று கையைப் பற்றிக் குலுக்கினான்.

அதே பஸ்ஸில் இருந்து றிஷி இறங்கினான். பட்டையைக் கண்டதும் வாயைப் பிளந்தான்.

"என்ன தம்பி, பொம்பிளைப் பேரோ?" என்றார் மாமா.

"இல்லை அங்கிள்! இல்லவே இல்லை!"

பையன் அங்கே நிற்கவில்லை. பயிற்சியாளரைத் தேடி மைதானத்துக்கு ஓடினான். "என் சட்டையில் அந்த்ரேயா!" என்று அவன் கத்தியது பஸ்வரை கேட்டது.

மாமா அந்தக் காகிதத்தைப் பிறகு கழற்றவேயில்லை. புதுப் பட்டை வரும்வரை அதோடுதான் பஸ் ஓட்டினார்.

அடுத்த ஆட்டத்தில் அந்த்ரேயா ஒரு கோல் போட்டான். "அந்த்ரேயா! அந்த்ரேயா!" என்று எல்லோரிலும் உரக்கக் கத்தியவன் றிஷிதான்.

வேலியோரம் நின்ற மாமா, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பெரிதாகக் கையசைத்தார்.