இரும்பு ஷூ போலீஸ்

பூங்காப் புல்லில் ஒரு உடல் குப்புறக் கிடந்தது!

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஆக... உயிர் இருக்கிறது.

உடலின் பெயர் தோக்பே. கொரியாவில், இஞ்சியோன் நகரக் கிடங்கில் பார்சல் ஏற்றுபவன். வயது நாற்பத்தாறு. பகலெல்லாம் பெட்டிகளோடு பேச்சு. வீட்டில் அதுவும் இல்லை.

அதனால்தான் செல்போனில் தேடி, அந்த வட்டாரத்துத் 'திருடன்-போலீஸ்' குழுவில் சேர்ந்தான். முன்பின் தெரியாத வளர்ந்த ஆட்கள் சாயங்காலம் கூடி ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். தோற்ற அணி தொக்போக்கி என்ற அரிசிக் கொழுக்கட்டை வாங்கித் தர வேண்டும். ஆளுக்கொரு தட்டு, காரம் தூக்கலாக.

"எந்திரிங்க, அரிசிமூட்டை அண்ணே!" குழுத் தலைவி மிளகாய் அக்கா அதட்டினாள். "இன்னிக்கும் யாரையும் பிடிக்கலைன்னா குழுவை விட்டுத் தூக்கிடுவேன். விதின்னா விதி!"

"ஓடறதுக்குன்னே ஷூ ஆர்டர் போட்டேன்க்கா... வாசல்ல வெச்சாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. போய்ப் பார்த்தா ஷூவைக் காணோம்!"

காலில் கிடங்கு ஷூ. முனையில் இரும்பு!

தூக்கிவிட்டால்... மறுபடி அந்த ஒற்றை அறை. அந்தச் சுவர்.

சடக்!

புதரிலிருந்து ஒருவன் பாய்ந்தான். கறுப்புத் தொப்பி. முதுகில் உப்பிய பை.

தோக்பே அப்படியே அவன்மேல் விழுந்தான்.

"ஐயோ!"

"பிடிச்சிட்டேன்!"

அவன் முகம் வெளிறியது. "நான் திருடன்னு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. நட ஜெயிலுக்கு!"

ஜெயில் என்பது பூங்கா மண்டபம். பிடிபட்ட மற்றத் 'திருடர்கள்' சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டியா தம்பி? இந்தா, சூடா இருக்கு," அக்கா நீட்டினாள்.

ஒரு கடி. கேவிக் கேவி அழுதான்!

"சாப்பிட்டியான்னு என்னை யாராவது கேட்டே வருஷமாச்சுக்கா... எல்லாத்தையும் ஒத்துக்கறேன்!"

பையைக் கவிழ்த்தான். ஊரார் வாசலில் சுட்ட பார்சல்கள்! மேலே ஒரு பெட்டி. மேலே எழுதிய பெயர்... தோக்பே!

"அடப்பாவி, என் ஷூ!"

அக்கா போன் போட்டாள். நிஜ போலீஸ் வந்தது. நிஜ விலங்கு மாட்டியது.

"சபாஷ்ண்ணே!" என்றாள் அக்கா. "ஆனா இவன் நம்ம குழு ஆளே இல்லை. இந்தப் பிடி செல்லாது."

தோக்பேக்கு இடுப்பு வலி நெஞ்சுக்கு ஏறியது.

"ஒரு நிமிஷம் சார்!" கறுப்புத் தொப்பி விலங்குக் கையோடு செல்போனைத் தட்டினான். "நானும் குழுவுல சேர்ந்துட்டேன்க்கா! ஆட்டம் முடியலையே... இப்ப செல்லும்ல?"

அக்கா யோசித்தாள். விசில் ஊதினாள்.

"செல்லும்! திருடங்க அணி தோத்தாச்சு!"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "ஸ்டேஷன்ல எனக்கும் பேச்சுத்துணை இல்லைங்க. போலீஸ் அணியில இடம் இருக்கா?"

"முன்அனுபவம் இருக்கா?" என்றாள் அக்கா.

ஜீப் நகர்ந்தது. ஜன்னலில் கறுப்புத் தொப்பி. "அண்ணே! தொக்போக்கியை மறக்க மாட்டேன்!"

தோக்பே புது ஷூவை மாட்டிக்கொண்டு கையாட்டினான்.

பாக்கி: தொக்போக்கி, ஒரு தட்டு. கொடுக்க வேண்டியவன்: லாக்கப்பில்!