காசின் நான்காம் சுற்று

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சாரல் படாத ஓரமாக நகர்ந்துகொள்ளுங்கள், பாயில் இடம் இருக்கிறது. ஓயா ஆற்றங்கரையில் நடந்த ஒரு பகலைச் சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். இந்தக் கதையைச் சொல்ல எனக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

முனாய் காசை மூன்று சுற்றுதான் சுற்றியிருந்தாள். இப்போது நான்கு இருந்தது.

நடுப்பகல்தான். ஆனால் நான்கு நாளாக விடாத மழையில், உயரக் கால்களில் நின்ற அந்த வீட்டுக்குள் விளக்கு வைக்கும் நேரத்து மங்கல் கவிந்திருந்தது. உத்தரத்தில் தொங்கிய துணித்தொட்டிலில் அவளுடைய இரண்டு மாதக் குழந்தை யாங் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியின்மேல் மெத்தை வைத்த சிறு பலகை. அதிலிருந்து பின்மண்டைக்கும் உச்சிக்கும் போகும் கயிறுகள். உச்சியில் அவை கூடும் இடத்தில், நடுவே ஓட்டை போட்ட பழைய சீனச் செப்புக்காசு. காசைத் திருகினால் கயிறு முறுக்கேறும், பலகை நெற்றியை அழுத்தும். கயிற்றின் முறுக்கை விரலால் தடவியே எண்ணிவிடலாம். முனாய் தடவினாள். நான்கு.

கை தவறி ஒன்று கூடச் சுற்றியிருப்பேன் என்று அதைத் தளர்த்தினாள்.

நிலா போல அகன்று தட்டையான நெற்றி இல்லாத பெண்ணை அந்த ஊரில் யாரும் அழகி என்று சொல்லமாட்டார்கள். எல்லா வீட்டிலும் பலகை உண்டு, எல்லா வீட்டிலும் ஒரே கட்டுப்பாடும் உண்டு. குழந்தை தூங்கும்போது மட்டுமே கட்டவேண்டும். கண் விழித்த கணமே தளர்த்திவிட வேண்டும். அதுவரை தாய் கண்ணயரக் கூடாது.

இந்தப் பலகையை எடுத்துக் கொடுத்தவள் நாத்தனார் சுராய். கூரை இடுக்கில் எதையோ தேடியபோது அகப்பட்டது என்று தூசி தட்டிக்கொண்டே வந்தாள்.

"என் தம்பி தாபோ செதுக்குனதுதானே இது? நல்ல மரம். புதுசு எதுக்கு?" என்று திருப்பிப் பார்த்தவள் கேட்டாள். "கெமாய்க்கு வச்சது அவகூடவே போயிடுச்சுல்ல?"

"போயிடுச்சுக்கா," என்றாள் முனாய். "இது வேற."

"அப்ப கட்டு. உன் புருஷன் நெத்தியப் பாத்தியா, முற்றின தேங்கா மாதிரி. எங்கம்மா கட்டிவிட்டுட்டுத் தூங்கிடுவாங்க, அவன் பிச்சு எறிஞ்சிடுவான். அதான் உன்னைத் தவிர ஒருத்தியும் சிக்கல."

சுராய் சிரித்தாள். முனாயும் சிரித்தாள்.

வேறு பலகை எதுவும் இல்லை. அது கெமாயின் பலகைதான், முனாயின் மூத்த மகளுடையது. இறந்த குழந்தையின் பலகை குழந்தையோடு சவப்பெட்டிக்குள் போகவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல் ஒரு மழைப் பகலில் முனாய் பலகையைக் கட்டிவிட்டு, தொட்டிலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது கயிறு தளராமல் இருந்தது. குழந்தையின் கண்கள் திறந்திருந்தன. ஆட்கள் ஏணி ஏறுமுன் பலகையை அவிழ்த்துக் கூரைக்குள் செருகினாள். காய்ச்சல் என்று சொன்னாள். பலகையைப் பெட்டியில் துணிக்கடியில் வைத்துவிட்டேன் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? இப்போது இதுதான் அது என்று ஒப்புக்கொண்டால், ஏன் ஒளித்தாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் அதை யாங்கின் நெற்றியில் வைத்தாள்.

வாசலுக்குக் கீழே, ஆற்றோரப் பரணில் சுராய் சாகோப் பனைத் தண்டின் மாவை மிதித்துக்கொண்டிருந்தாள். சளப், சளப் என்று அந்தச் சத்தம் வரும்வரை முனாய் தனியாக இல்லை. கணவன் தாபோ மேலாற்றில் மரம் வெட்டப் போய் ஆறு நாளாகிறது. புளித்த மாவின் வாசனை ஈரக்காற்றோடு உள்ளே வந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனை இருந்தது: தேங்காயெண்ணெயும் திரிந்த பாலும். யாங்கின் தலைக்கு முனாய் எண்ணெய் வைப்பதில்லை. கெமாய்க்கு வைத்ததுண்டு.

மழை வலுத்தது. மிதிக்கும் சத்தம் நின்றது.

அவள் காசின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இமைக்கக்கூட இல்லை. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தொட்டில்கயிறு உத்தரத்தில் உரசியது, கூரையிலிருந்து ஒரு சொட்டு பாயில் விழுந்தது, தூங்கும் குழந்தை மூச்சு விட்டது. பிறகு விரலுக்கடியில் காசு அசைந்தது. மெதுவாக. பழக்கமில்லாத சின்னக் கை ஒன்று திருகிப் பார்ப்பதுபோல.

நான்கு.

அவள் அதைப் பின்னோக்கித் திருகினாள். காசு திரும்பவில்லை.

ஐந்து.

யாங் கண் விழித்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முனாய் சுவரில் செருகியிருந்த பனை சீவும் கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தாள். ஒன்று. இன்னொன்று. பலகை கழன்றது. குழந்தை வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு முனாயும் அழுதாள். குழந்தையை முதுகில் துணியால் இறுக்கிக் கட்டினாள், வாசலுக்கு ஓடினாள், நிறைந்து ஓடும் ஆற்றில் பலகையை வீசினாள். அது முழுகியது. வட்டம் வட்டமாய்த் தண்ணீர் விரிந்து அடங்கும்வரை பார்த்தாள்.

முதுகில் யாங் விசும்பித் தூங்கினாள்.

வீட்டுக்குள் தொட்டில்கயிறு முனகியது.

காலியான துணி கீழே இழுபட்டுத் தொங்கியது. இரண்டு மாதக் குழந்தையின் பாரம். எந்தத் தாயும் அதைக் கண்ணாலேயே எடைபோட்டுவிடுவாள். துணியிலிருந்து ஆற்றுநீர் சொட்டியது. உள்ளிருந்து அழுகை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தூக்கத்தில் அவள் கேட்காமல் விட்ட அழுகை. இதுவரை கேட்டதில்லை. ஆனாலும் தெரிந்தது.

போகக்கூடாது என்று நினைத்தாள். போனாள்.

துணியை விலக்கினாள். பாதி தட்டையான நெற்றி. பாதி உருண்டை. அதன்மேல் ஈரப் பலகை, அறுபடாத கயிறு, காசு. திறந்த கண்கள் அவளையே பார்த்தன.

விழித்துவிட்டது. தளர்த்தவேண்டும்.

அவள் விரல் தானாகக் காசுக்குப் போனது. ஒரு சுற்று தளர்த்தினாள். தொட்டிலில் அழுகை தணிந்தது.

முதுகில் யாங் வீறிட்டாள்.

கையைப் பின்னால் விட்டுத் தடவினாள். யாங்கின் நெற்றியில் பலகை இல்லை. பலகையின் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. விரலுக்கடியில் ஆழமாகிக்கொண்டிருந்தது.

காசை இறுக்கினாள். யாங் அடங்கினாள். தொட்டில் அழுதது.

தளர்த்தினாள். யாங்.

இறுக்கினாள். கெமாய்.

ஏணியில் ஈரக்கால் சத்தம். சுராய் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"முனா, புள்ள ஏன் இப்படி அழுவுது? தூங்கிட்டியா?"

இரண்டு குழந்தைகளும் விழித்திருந்தன. முனாயின் விரல்கள் காசின்மேல் இருந்தன.

போதும், கையை விடுங்கள், நகம் பதிகிறது. போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் குழந்தைகள் அழும்போது அது உங்கள் காதில் விழட்டும். உங்கள் வீட்டுத் தொட்டில்கள் காலியாக இருக்கும்போது அசையாமல் இருக்கட்டும்.